செருகுநிரல் விழுங்கிய புள்ளிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரத் தொழில்நுட்பப் பக்கத்தில் மென்பொருள் சோதனைகளை ஒத்திசைக்கும் கருவிகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. தமிழில் இந்தப் பேச்சை எடுப்பதற்கே ஆள் இல்லை. அரைப்பக்கம் ஒதுக்கினீர்களே, அதற்கு நன்றி. ஆனால் கடைசிப் பத்தியில், கருவி நம் வழக்கத்துக்குப் பொருந்தாவிட்டால் ஒரு செருகுநிரலை, அதாவது கருவியோடு இணைக்கும் ஒரு சிறு நிரலை, எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம், அது அரைநாள் வேலை என்று போகிற போக்கில் சொல்லியிருந்தார் கட்டுரையாளர். அந்த அரைநாள் வேலையை நான் ஏழு மாதங்களாகச் செய்துகொண்டிருக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம். நீளமாகிவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள், வெட்டும்போது புள்ளிகளை மட்டும் விட்டுவைக்கவும். காரணம் கீழே வருகிறது.

எனக்கு ஐம்பத்து நான்கு வயது. முதல் ஆறு ஆண்டுகள் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தினேன். பிறகு மென்பொருள் சோதனைக்கு வந்தேன். இரண்டும் ஒரே தொழில்தான் என்று இன்றும் நினைக்கிறேன். அடுத்தவர் எழுதியதைக் கையில் வாங்கித் தப்பு எங்கே என்று தேட வேண்டும். கண்டுபிடித்தால் எழுதியவர் முகத்தைச் சுளிப்பார், கண்டுபிடிக்காவிட்டால் வாங்கியவர் சுளிப்பார். நிரல் எழுதுவது என் தொழில் அன்று. எங்கள் குழுவில் அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் செருகுநிரல் என்றதும் அவர்கள் அனைவருக்கும் வேறு வேலை வந்துவிட்டது. "அரைநாள் வேலைதானே மேடம், நீங்களே செய்துவிடலாம்" என்றான் ஓர் இளைஞன். அவனும் எங்கேயாவது கட்டுரை படித்திருப்பான்.

சென்ற வாரப் பக்கத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒரு மென்பொருளின் சோதனைகள் இரண்டு இடங்களில் குடியிருக்கின்றன. ஒன்று நிரலாளர்களின் கோப்புகள். மற்றொன்று, மேலாளர்களும் தணிக்கையாளர்களும் பார்க்கும் நிர்வாகத் தளம். அங்கே ஒவ்வொரு சோதனைக்கும் ஓர் எண் உண்டு. கோப்பில் ஒரு சோதனையைத் திருத்தினால் தளத்திலும் அது திருந்த வேண்டும். ஓட்டிப் பார்த்த முடிவு தளத்தில் பச்சையாகவோ சிவப்பாகவோ தெரிய வேண்டும். இதைக் கையால் செய்யத் தொடங்கினால் மூன்றாம் மாதம் கோப்பு ஒன்று சொல்லும், தளம் ஒன்று சொல்லும். அந்த வேலையைத் தானாகச் செய்வதற்குத்தான் ஒத்திசைவுக் கருவி. கருவியைச் செய்தவர்களுக்கு ஒவ்வொரு வீட்டு வழக்கமும் தெரியாது. எனவே சில இடங்களில் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். சோதனைகளைக் கோப்பிலிருந்து கண்டெடுக்கும் இடத்தில் ஒரு கதவு, தளத்துக்கு அனுப்புமுன் விவரங்களை மாற்றும் இடத்தில் ஒன்று, முடிவுக் கோப்பைப் படிக்கும் இடத்தில் ஒன்று, எந்த முடிவு எந்தச் சோதனைக்கு உரியது என்று பொருத்தும் இடத்தில் ஒன்று. அந்தக் கதவுகளில் நாம் நிறுத்திவைக்கும் ஆள்தான் செருகுநிரல். உள்ளே யார் போகலாம், என்ன பெயரில் போகலாம் என்று முடிவு செய்கிறவன் அவன். வாயில்காப்போனுக்குக் கண் சரியில்லை என்றால் உள்ளே இருக்கும் பதிவேட்டை என்னவென்று நம்புவது?

எங்கள் வீட்டு வழக்கம் தமிழ். மாணவர்களுக்கான ஒரு கற்றல் செயலியைச் சோதிக்கிறோம். சோதனைகளை கெர்கின் என்ற எழுத்துமுறையில் தமிழிலேயே எழுதுகிறோம். கியூக்கம்பர் என்ற கருவியோடு 2008 வாக்கில் பரவத் தொடங்கிய முறை இது. எழுபதுக்கும் மேற்பட்ட மொழிகளில் அதற்கு முதன்மைச் சொற்கள் இருக்கின்றன. தமிழும் அதில் ஒன்று என்பதைப் பலர் அறிவதில்லை. கோப்பின் முதல் வரியில் மொழிக் குறியீட்டை இட்டுவிட்டால் 'அம்சம்', 'பின்னணி', 'காட்சி', 'கொடுக்கப்பட்ட', 'எப்போது', 'அப்பொழுது', 'மேலும்', 'ஆனால்' என்று எழுதிக்கொண்டே போகலாம். இதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு, இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'எப்போது' என்பது கேள்விச் சொல். "எப்போது மாணவர் பொத்தானை அழுத்துகிறார்" என்று எழுதினால் படிக்கிறவர் எனக்கென்ன தெரியும் என்றுதான் கேட்பார். தமிழில் 'போது' வினையின் வாலில் ஒட்ட வேண்டியது, வாக்கியத்தின் தலையில் உட்கார வேண்டியது அன்று. 'கொடுக்கப்பட்ட' என்பதும் அப்படித்தான், பெயர்ச்சொல்லைத் தேடி அந்தரத்தில் தொங்குகிறது. இருந்தாலும் பாடத்திட்டம் எழுதும் ஆசிரியர்கள் இந்தக் கோப்புகளைப் படித்துத் தவறு சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் இருந்தபோது ஒருவரும் திறந்துகூடப் பார்த்ததில்லை. ஆகவே தொங்கினால் தொங்கட்டும் என்று விட்டிருக்கிறோம்.

இப்போது புள்ளிகளுக்கு வருகிறேன்.

எங்கள் கோப்பில் ஒரு காட்சி என்றால் ஒரு சோதனை. கருவி ஒவ்வொரு காட்சிக்கும் மேலே அதன் அடையாள எண்ணை ஒரு குறிச்சொல்லாக எழுதிவைத்துவிடும். ஆகையால் காட்சியின் தலைப்பை எத்தனை முறை மாற்றினாலும் தளத்தில் அதே சோதனையைத் தேடிப் போய்ச் சேரும். சிக்கல் முடிவுக் கோப்பில். சோதனையை ஓட்டி முடித்ததும் கிடைக்கும், தகவலைக் குறிகளுக்குள் அடுக்கும் எக்ஸ்எம்எல் கோப்பில் அந்த எண் இருக்காது, பெயர் மட்டும்தான் இருக்கும். பெயரை வைத்துப் பொருத்துவது என் செருகுநிரலின் வேலை. பெயர்களில் இடைவெளி, ஒற்றைக்கோடு, மேற்கோள்குறி என்று என்னென்னவோ ஒட்டிக்கொண்டு வரும் என்பதால், ஒப்பிடுவதற்கு முன் "எழுத்தும் எண்ணும் அல்லாத அனைத்தையும் நீக்கிவிடு" என்று பைத்தான் என்ற நிரல்மொழியில் ஒரு வரி எழுதினேன். இணையத்தில் எல்லோரும் எழுதும் வரிதான். எதைத் தேட வேண்டும் என்று சுருக்கமாகச் சொல்லும் ஒரு சின்னத் தேடல்கோவை, ஐந்தாறு எழுத்து. அதை எழுதிவிட்டுக் காப்பி குடிக்கப் போனது நினைவிருக்கிறது.

அடுத்த நாள் ஓர் அதிசயம். "மாணவர் படம் பதிவேற்றம்" என்ற சோதனை தோற்றிருந்தது, தளத்தில் பச்சை. "ஆசிரியர் பாடம் பதிவேற்றம்" என்ற சோதனைக்கு ஒரு குறையும் இல்லை, அதுவும் பச்சை. தளத்தைத் திட்டினேன், பிறகு கருவியைத் திட்டினேன், கடைசியில் தலைப்புகளில் 'மாணவர்', 'ஆசிரியர்' என்ற முன்னொட்டை என் செருகுநிரலே வெட்டிவிடுகிறது என்று நினைவு வந்தது. அதுவும் என் கைங்கரியம்தான், யார் செய்கிறார் என்பது வேறு புலத்தில் போகிறது என்பதால் வெட்டியிருந்தேன். மீதி இருப்பது "படம் பதிவேற்றம்", "பாடம் பதிவேற்றம்". இரண்டும் வேறுதானே? செருகுநிரல் ஒப்பிடும் பெயரை அச்சிட்டுப் பார்த்தேன். இரண்டுக்கும் ஒரே வரி வந்தது:

படமபதவறறம

ஆறு ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தியவளுக்கு அந்த வரியைப் பார்த்தபோது என்ன தோன்றியிருக்கும் என்று உங்கள் அலுவலகத்தில் மெய்ப்புத் திருத்துபவர் எவரையாவது கேளுங்கள். புள்ளி இல்லை, துணைக்கால் இல்லை, கொம்பு இல்லை. ஓலைச்சுவடிகளில் புள்ளியிடாமல் எழுதினார்கள் என்று படித்திருக்கிறேன். அவர்கள்கூடத் துணைக்காலை இப்படித் தின்றதில்லை.

காரணம் எளிது. கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொதுப் பட்டியலான யூனிகோட், தமிழின் உயிர்மெய்யை ஒரே எழுத்தாக வைத்திருக்கவில்லை. 'பா' என்பது 'ப' என்ற எழுத்தும் துணைக்கால் என்ற குறியும் சேர்ந்தது. 'ம்' என்பது 'ம'வும் புள்ளியும். யூனிகோட் பட்டியலில் 'ப', 'ம' இரண்டும் எழுத்து என்ற வகையில் இருக்கின்றன. துணைக்காலும் புள்ளியும் இணைப்புக் குறி என்ற வேறு வகை. பைத்தானின் வழக்கமான தேடல்கோவை நூலகம் 'சொல்லில் வரக்கூடிய எழுத்து' என்று ஏற்பது எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றைத்தான். குறிகளுக்கு அதில் இடம் இல்லை. ஆங்கிலம் எழுதுகிறவருக்கு ஒன்றும் தெரியாது. தமிழில் மெய்யெழுத்து முழுவதும் உயிர் பெற்று, உயிர்மெய் முழுவதும் தன் உயிரை இழந்து அகரமாகிவிடுகிறது. 'கடவுச்சொல்' என்பது 'கடவசசல' ஆகிவிடும். முந்நூற்றுப் பன்னிரண்டு சோதனைகளில் ஐந்து சோடி இப்படி ஒன்றன் மீது ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தது. ஓட்டத்தில் எது கடைசியாக வந்ததோ அதன் முடிவே இரண்டுக்கும்.

திருத்தியது ஒரே வரி: இன்னதை வைத்துக்கொள் என்பதற்குப் பதில், இன்னின்னதை மட்டும் நீக்கு என்று மாற்றினேன். அதோடு, இரண்டு சோதனைகள் ஒரே பெயராகச் சுருங்கினால் செருகுநிரல் அங்கேயே நின்று கத்த வேண்டும் என்றும் சேர்த்தேன். முன்பு அது சத்தமில்லாமல் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தது. முன்னொட்டை வெட்டும் புத்திசாலித்தனத்தையும் எடுத்துவிட்டேன்.

இதைவிடப் பெரிய தப்பை நான் செய்தது பச்சை, சிவப்பு விஷயத்தில். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் அரைநாள் வேலை என்று அச்சில் வந்துவிட்ட பிறகு கூசிப் பயனில்லை.

சோதனை முடிவுகளுக்குப் பரவலாகப் புழங்கும் எக்ஸ்எம்எல் வடிவத்துக்கு ஜேயூனிட் வடிவம் என்று பெயர். கென்ட் பெக், எரிக் காமா இருவரும் 1997-இல் ஒரு மாநாட்டுக்குப் பறக்கும் வழியில் விமானத்திலேயே எழுதத் தொடங்கிய சோதனைக் கட்டமைப்பு ஜேயூனிட். முடிவு வடிவம் மட்டும் நிரல்களைத் தொகுத்துக் கட்டும் ஆன்ட் என்ற கட்டுமானக் கருவியின் வழியாகப் பரவியது. அதற்கென்று அனைவரும் ஒப்புக்கொண்ட ஒரே இலக்கணம் கிடையாது. அதில் ஒரு விநோதம் உண்டு. சோதனை தோற்றால் அதன் பதிவுக்குள் 'தோல்வி' என்ற குறி இருக்கும். சோதனையே நடுவில் இடிந்து விழுந்தால் 'பிழை' என்ற வேறு குறி. ஓட்டாமல் தள்ளிவைத்தால் 'தவிர்த்தது' என்ற குறி. வெற்றி பெற்றால்? ஒரு குறியும் இருக்காது. வெறுமைதான் வெற்றி.

நான் எழுதிய முதல் பதிப்பு 'தோல்வி' இருக்கிறதா என்று மட்டும் பார்த்தது. இல்லையென்றால் பச்சை. இடிந்து விழுந்ததும் பச்சை, ஓட்டாததும் பச்சை. மூன்று வாரம் தளம் புல்வெளி மாதிரி இருந்தது. எங்கள் மேலாளர் நேரில் வந்து பாராட்டிவிட்டுப் போனார், அதை நான் வாங்கியும் கொண்டேன். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, நானே என் கையால் தள்ளிவைத்திருந்த ஒரு சோதனையின் பெயர் பட்டியலில் கண்ணில் பட்டது. பச்சை. ஓட்டவே ஓட்டாத சோதனை எப்படித் தேறியது? எண்ணிப் பார்த்தால் அதுபோல இருபத்து மூன்று. மாதிரித் தரவு இருந்த சேவையகம் அணைத்துக் கிடந்ததால் அவற்றில் பாதி, தொடங்கும்போதே விழுந்துகொண்டிருந்தன. மேலாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கதவை மட்டும் சாத்திக்கொண்டார்.

இப்போது செருகுநிரல் நான்கு நிலைகளையும் தனித்தனியே தளத்துக்குச் சொல்கிறது. தனக்குத் தெரியாத குறியைக் கண்டால் ஊகிக்காமல் நின்றுவிடுகிறது. இன்னொன்றும் செய்தேன். சிறிய முடிவுக் கோப்பு ஒன்றை நானே எழுதி வைத்திருக்கிறேன். அதில் தேறிய பதிவு ஒன்று, தோற்றது ஒன்று, இடிந்தது ஒன்று, தவிர்த்தது ஒன்று, படமும் பாடமுமாக ஒரு சோடி, யாருக்கும் தெரியாத குறியுடன் ஒன்று. செருகுநிரலில் ஒரு வரி மாறினாலும் முதலில் இந்தக் கோப்பை அதற்கு ஊட்டிப் பார்த்த பிறகுதான் பொதி கட்டுகிறேன். உண்மையில் இது முதல் நாளே நான் செய்திருக்க வேண்டியது. சோதனைக்காரி எழுதிய நிரலைச் சோதிக்காமல் விட்டாள் என்றால் சிரிப்பார்கள். நிரலாளர்கள் சிரித்தார்கள்.

எது எங்கே இருக்கிறது, எப்படி ஓட வேண்டும் என்று கருவிக்குச் சொல்லும் அமைவுக் கோப்பைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லை. அதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அங்கே நடக்கும் தப்புகளில் சுவாரசியம் குறைவு, செலவாகும் நேரம்தான் அதிகம். செருகுநிரல் இருக்கும் பாதையை அமைவுக் கோப்பில் எழுதும்போது, அது அந்தக் கோப்பு இருக்கும் கோப்புறையிலிருந்து கணக்கா, கட்டளை ஓடும் இடத்திலிருந்து கணக்கா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். என் மேசையில் இரண்டும் ஒன்றாக இருந்தது, கட்டுமானச் சேவையகத்தில் வேறாக இருந்தது. இரண்டு நாள் போயிற்று. கோப்பின் பெயரில் ஒரு பெரிய எழுத்து இருந்தால் விண்டோஸ் கண்டுகொள்ளாது, லினக்ஸ் விடாது. அதில் ஒரு நாள். அமைவுக் கோப்பை எழுதும் ஜேசன் வடிவத்தில் குறிப்புரை எழுத இடமில்லை, கடைசி உறுப்புக்குப் பின் காற்புள்ளி வரக்கூடாது. பதிப்பு எண் கேட்கும் இடத்தில் "எது புதியதோ அது" என்று விடாதீர்கள், எண்ணை எழுதுங்கள். கருவி ஏற்கெனவே தன்னிடம் வைத்திருக்கும் நூலகத்தின் வேறொரு பதிப்பைச் செருகுநிரலும் சுமந்துகொண்டு போனால் இரண்டும் உள்ளே முட்டிக்கொள்ளும். தளத்துக்குள் நுழையும் திறவுச்சரத்தை அமைவுக் கோப்பில் எழுதவே கூடாது. ஒருமுறை, கோப்புகளின் பழைய பதிப்புகளையும் காத்துவைக்கும் பதிப்புக் களஞ்சியத்துக்குள் போய்விட்டால், பிறகு வரியை அழித்தாலும் வரலாற்றில் அது இருக்கும். அந்தச் சரத்தையே ரத்து செய்துவிட்டுப் புதிதாக வாங்குவதுதான் வழி. கோப்புக்கு வெளியே, கணினியே நினைவில் வைத்திருக்கும் சூழல் மாறியில் வைப்பது நல்லது. எதையும் எழுதாமல், எழுதினால் என்ன ஆகும் என்று மட்டும் காட்டும் ஒத்திகை முறை உங்கள் கருவியில் இருந்தால் முதல் ஒரு மாதம் அதில் மட்டுமே ஓட்டுங்கள்.

அமைவுக் கோப்பில் சுவாரசியமான தப்பும் ஒன்று நடந்தது. அதில் உங்கள் நாளிதழுக்கும் பங்கு உண்டு.

காட்சிகளின் மேல் நாங்கள் இடும் குறிச்சொல்லைப் பார்த்துச் செருகுநிரல் அவற்றைத் தளத்தில் உரிய தொகுப்பில் சேர்க்கும். எந்தச் சொல் எந்தத் தொகுப்பு என்ற அட்டவணை அமைவுக் கோப்பில் இருக்கிறது. அதில் 'தொடக்கநிலை' என்று இருக்கிறது. காட்சியின் மேலும் 'தொடக்கநிலை' என்றுதான் இருக்கிறது. ஆனாலும் அத்தனையும் 'வகைப்படுத்தாதவை' தொகுப்பில் போய் விழுந்தன. இரண்டையும் அருகருகே வைத்துக் கண் வலிக்கப் பார்த்தேன். வேறுபாடே இல்லை. வேறுபாடு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது. 'தொ' என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒற்றைக் குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். அட்டவணையைத் தட்டியவருடைய விசைப்பலகை ஒருவிதம், காட்சியைத் தட்டியவருடையது இன்னொரு விதம். இரண்டும் சமம் என்று யூனிகோடே சொல்லியிருக்கிறது. ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர ஆயத்த வசதியும் உண்டு. போட்டேன். சரியாயிற்று.

ஒன்று மட்டும் சரியாகவில்லை. 'மௌனவாசிப்பு'. அட்டவணையில் ஔகாரக் குறியோடு சரியாக இருந்தது. காட்சியில் 'மெளனவாசிப்பு' என்று, ஒற்றைக் கொம்பும் மகரமும் போட்டு, பக்கத்தில் 'அவள்' என்பதில் வரும் அந்த ளகரத்தையே போட்டுத் தட்டியிருந்தார்கள். கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் இவை சமம் என்று யூனிகோட் சொல்லாது, சொல்லவும் கூடாது. அது எழுத்துப்பிழை. கொம்புக்குப் பின் ளகரம் வந்தால் ஔகாரமாக மாற்று என்று ஒரு வரி எழுதிப் பார்த்தேன். 'வெளியேறு', 'தெளிவு' எல்லாம் உருக்குலைந்து போயின. பிறகு, ளகரத்தின் மேல் உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாமல் இருந்தால் மட்டும் சந்தேகப்படு என்று மாற்றினேன். அப்போதும் தானாகத் திருத்தவிடவில்லை. அச்சகத்தில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. உறுதியில்லாத இடத்தில் திருத்தக்கூடாது, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு எழுதியவருக்கு அனுப்ப வேண்டும். என் செருகுநிரலும் அதைத்தான் செய்கிறது.

இதற்கும் உங்களுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். சென்ற வாரக் கட்டுரையின் இணையப் பதிப்பில் "தவறுகளை மெளனமாகக் கடந்துபோகாமல்" என்று ஒரு தொடர் வருகிறது. படியெடுத்து என் செருகுநிரலுக்குக் கொடுத்தேன். கேள்விக்குறி போட்டது. உங்கள் தளத்தின் தேடல் பெட்டியில் 'மௌனமாக' என்று சரியாகத் தட்டித் தேடினால் அந்தக் கட்டுரை வருவதில்லை. தப்பாகத் தட்டினால் வருகிறது. உங்கள் பழைய கட்டுரைகளில் 'பெளர்ணமி', 'கெளரவம்', 'வெளவால்' எத்தனை இருக்கும் என்று நான் எண்ணத் தொடங்கவில்லை, எண்ணினால் நிறுத்த மாட்டேன் என்ற பயத்தால்.

ஆகவே இரண்டு கோரிக்கைகள். அரைநாள் என்பதைத் திருத்தி, செருகுநிரல் எழுதுகிறவர் அதற்கான சோதனையையும் சேர்த்து எழுத வேண்டும் என்று ஒரு வரி வெளியிடுங்கள். அதைப் படித்துவிட்டு நாளைக் காலை வேலையைத் தொடங்கப்போகிற யாரோ ஒருவர் இருப்பார். இரண்டாவது, உங்கள் தட்டச்சு அறையில் ஔகாரக் குறி எந்த விசையில் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். கட்டுரையாளருக்கு மாதிரி முடிவுக் கோப்பு வேண்டுமென்றால் தருகிறேன், ஏழு பதிவுகள்தான்.

நிறுவனத்தின் பெயரும் என் பெயரும் வேண்டாம். பச்சையைப் பற்றி எழுதியிருப்பதால் மேலாளர் இன்னொரு முறை கதவைச் சாத்துவார்.

இப்படிக்கு,
முன்னாள் மெய்ப்புத் திருத்துநர், இந்நாள் சோதனையாளர்

பி.கு.: இந்தக் கடிதத்தையும் அனுப்புமுன் செருகுநிரலுக்குக் கொடுத்துப் பார்த்தேன். ஐந்து இடங்களில் கேள்விக்குறி போட்டது. ஐந்தும் மேற்கோள்குறிக்குள் இருப்பவை, திருத்திவிட வேண்டாம்.